மதுரை வாயிலிற் பதித்த தலைகள்

பகைத்துப் பொருத இரு திறத்தாரும் அப்போரைப் பற்றித் தாம் தாம் எழுதிவைத்தவை அழியாது ஒருங்கே கிடைத்தல் இடைக்கால இந்திய வரலாற்றில் அரிது. பெரும்பாலும் வென்றவன் கல்லே பேசும். தோற்றவன் கல் வெட்டுவிப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில் மதுரை அரியணைக்காகப் பாண்டியர் இருவர் தம்முட் பொருத போருக்கோ அவ்வாய்ப்பு வாய்த்திருக்கின்றது. ஒருபுறம் பாலி மொழியில் யாத்த சூளவமிசம். மறுபுறம் சோழ நாட்டுக் கோயிற் சுவர்களிற் பொறித்த தமிழ்ச் சாசனங்கள். இரண்டும் கூறுவது ஒரே போரைத்தான். ஆயினும் இரண்டையும் தனித்தனியே படிப்பவன் இரு வேறு போர்களைப் படித்ததாகவே எண்ணுவான்.

இப்போரைப் பாடநூல்கள் இரண்டு மூன்று வரிகளிற் சொல்லி முடித்துவிடுகின்றன. "பாண்டியர் உள்நாட்டுப் போரில் ஈழமும் சோழமும் தலையிட்டன" என்பதற்கு மேல் அங்கு ஒன்றுமில்லை. தலையிட்டன என்பது எத்துணை எளிய சொல்! தலையிட்டவர் தலைகள் எங்கே போயின என்பதை அறிந்தோர்க்கு அச்சொல் அவ்வளவு எளிதாக நாவில் வாராது.

முதற்கண் பாண்டியர் குடியின் இயல்பு சிறிது கூற வேண்டும். பாண்டியர் நாட்டைத் தம் குடிப்பிறந்தார் பலரும் பகிர்ந்து ஆண்டனர். மூத்தவன் ஒருவன் மதுரையிலிருப்ப, ஏனையோர் திருநெல்வேலிப் பக்கமும் பிறவிடங்களிலும் முடிசூடி இருந்தனர். மாறவர்மன், சடையவர்மன் என்னும் இரு பட்டப் பெயர்களே மாறிமாறி வருதலாலும், குலசேகரன், சுந்தரன், வீரன், விக்கிரமன், பராக்கிரமன் என்னும் சில பெயர்களையே தலைமுறைதோறும் சூட்டிக்கொண்டமையாலும், இன்று பாண்டியர் கால்வழியை வரைய முயலும் ஆராய்ச்சியாளர் படும் பாடு சொல்லுந்தரத்ததன்று. "பஞ்சபாண்டியர்" என்னும் வழக்கு இப்பகிர்வினின்றே எழுந்ததெனக் கொள்வாருமுளர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரையோரம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, உடன்பிறந்த மன்னர் ஐவர் அந்நாட்டை ஆண்டதாகவும், அவர்கள் போருக்கெழும்போதெல்லாம் ஈன்ற தாய் இடையிற் புகுந்து, "நீவிர் பொருவீராயின் உங்களுக்குப் பாலூட்டிய இம்முலைகளை அறுத்தெறிவேன்" என்று கூறித் தடுத்ததாகவும் எழுதியுள்ளார். அத்தாய் இருந்தவரை போர் நிகழவில்லையாம். 1310இல் மாறவர்மன் குலசேகரன் தன் மகன் சுந்தரபாண்டியனாலேயே கொலையுண்டான் என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபின் கூற்று. அடுத்த ஆண்டு மாலிக்காபூரின் குதிரைப்படை மதுரைக்குள் நின்றது. நாடு பகிர்ந்தாளப்பட்டமையின், மதுரை யாருக்குரியது என்ற கேள்விக்கு எந்நாளும் ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருந்தது. நாம் கூற வந்த போரும் அந்தக் கேள்வியினாலேயே மூண்டது.

1160களின் பிற்பகுதியில் மதுரையிலிருந்தவன் பராக்கிரம பாண்டியன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவனை வளைத்துக்கொண்டவன் குலசேகர பாண்டியன். முற்றுகையுட்பட்ட பராக்கிரமன் உதவி நாடித் தூதுவிட்டது, வடக்கே அண்மையிலிருந்த சோழனுக்கன்று. கடல் கடந்து பொலன்னறுவையிலிருந்த முதலாம் பராக்கிரமபாகுவுக்கு. இதற்குக் காரணம் ஊகித்தறியத் தக்கதே. 11ஆம் நூற்றாண்டு முழுதும் பாண்டி நாடு சோழர் காலடியிற் கிடந்தது. சோழ இளவரசரே "சோழபாண்டியர்" என்ற பெயரோடு மதுரையில் வீற்றிருந்தனர். சோழனை அழைத்தால் அவன் திரும்பிப் போகான் என்பது பாண்டியனுக்குத் தெரியும். கடலுக்கப்பாலிருந்து வருபவனோ வேலை முடிந்ததும் கடலுக்கப்பாற் போய்விடுவான் என்று நினைத்தான் போலும்.

பராக்கிரமபாகுவும் அரியணைப் போரின் கொடுமையை அறியாதவனல்லன். சிற்றப்பன் பெரியப்பன் வழியினரான இரண்டாம் கயபாகுவோடும் மானாபரணனோடும் பல்லாண்டு பொருது, 1153இல் இலங்கை முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் அவன். பாண்டியன் ஓலை கிடைத்ததும் இலங்காபுரன் என்னும் தண்டநாதனைப் படையோடு அனுப்பினான். படை மாதோட்டத்தில் மரக்கலமேறுமுன்னரே, மதுரை விழுந்தது. பராக்கிரம பாண்டியன் மனைவி மக்களோடு கொலையுண்டான். அழைத்தவன் இறந்துபட்டான், அழைக்கப்பட்டவன் திரும்பியிருக்கலாம். ஆனாற் பராக்கிரமபாகு விட்டானல்லன். குலசேகரனை வென்று, கொலையுண்டவன் வழித்தோன்றல் ஒருவனுக்கு அந்நாட்டைக் கொடுத்த பின்னரே மீளல் வேண்டும் என்று ஆணையிட்டான். உதவி என்ற பெயரிற் புறப்பட்ட படை அந்தக் கணத்திலேயே வேறொன்றாயிற்று என்பது என் கருத்து.

இங்கிருந்து சூளவமிசத்தின் நடை விரிந்து செல்கின்றது. இலங்காபுரன் அக்கரையில் இறங்கினான், இராமேசுவரத்தைக் கைக்கொண்டான், அத்தீவிலே குந்துகால் என்னுமிடத்தில் மதிலும் அகழியுமாகக் கோட்டை அமைத்து, தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டான். குந்துகால் என்ற பெயர் இன்றும் இராமேசுவரத் தீவில் வழங்குகின்றது. போரிற் சிறைப்பட்ட தமிழரை இலங்கைக்கு அனுப்பினான். அவர்களை என் செய்தனர்? அநுராதபுரத்திலே முன்னாளில் தமிழர் அழித்தனர் எனப்பட்ட இரத்தினாவலித் தூபத்தை, அந்தத் தமிழர் கைகளைக் கொண்டே மீளக் கட்டுவித்தான் மன்னன். இன்று ருவன்வெலிசாய என்று நாம் வணங்கக் காணும் பெருந்தூபமே அது. முன்னோர் செய்ததாகச் சொல்லப்பட்டதற்குப் பின்னோரிடம் கூலியில்லா வேலை வாங்குதல் எல்லா நாட்டு மன்னர்க்கும் இனிய காரியமாகவே இருந்திருக்கின்றது.

தமிழ் கற்றோர்க்குச் சூளவமிசத்தின் இப்பகுதி வேறொரு வகையாலும் சுவை தருவது. பாலிச் செய்யுளுக்குள்ளே தமிழ் ஊர்களும் தமிழ்ப் பெயர்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. செம்பொன்மாரி, நெட்டூர், மானாமதுரை, தொண்டி, பொன்னமராவதி எல்லாம் அங்கே உள. ஆளவந்தபெருமாள், கண்டதேவ மழவராயர், தொண்டைமான் முதலிய குறுநிலத் தலைவர்களும் உளர். பாலி மொழிக்கு ழகரம் இல்லை. பெயர்கள் அங்கங்கே சிதைந்துள்ளன. ஆயினும் ஒரு தமிழன் உரக்கப் படித்தால் ஊரும் பேரும் உடனே புலனாகின்றன. இந்நூலாசிரியர் எவ்வாறோ போர்க்களத்தை நேரிற் கண்டார் சொற்கேட்டே எழுதியிருத்தல் வேண்டும். பொலன்னறுவையிலோ வேறோரிடத்திலோ இருந்து இத்தனை சிற்றூர்ப் பெயர்களைக் கற்பனையாற் புனைதல் இயலாது. இந்தப் பெயர் வரிசையே சூளவமிசத்தை நாம் வெறுங் கட்டுக்கதையென்று தள்ளவொட்டாமற் காக்கின்றது.

குலசேகரன் பக்கத்திலே அவன் தாய்மாமன்மாரின் கொங்குப் படை நின்றது. இலங்காபுரனுக்குத் துணையாகச் சகவிசய நாயகன் இன்னொரு படையோடு வந்து சேர்ந்தான். ஊர் ஊராகப் போர் நகர்ந்தது. இறுதியில் மதுரை ஈழப்படை வசமாயிற்று. கொலைக்குத் தப்பி மலைநாட்டில் மறைந்திருந்த வீரபாண்டியன், பராக்கிரம பாண்டியனின் மகன், அழைத்துவரப்பட்டு முடிசூட்டப்பெற்றான். பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு பாண்டி நாட்டில் வழங்கலாயிற்று. குலசேகரன் சோழரிடம் ஓடினான், சோழப்படையோடு மீண்டான், மீண்டும் தோற்றான். கைப்பற்றிய யானை, குதிரை, ஆட்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. வெற்றியின் நினைவாகப் பாண்டுவிசயகம் என்று ஓர் ஊரை அமைத்து மன்னன் பிராமணர்க்கு ஈந்தான். இவ்விடத்திற் சூளவமிசம் ஓலையைக் கட்டிவிடுகின்றது. இலங்காபுரன் பின்னர் யாதானான்? நூல் வாய் திறக்கவில்லை.

இனிச் சோழநாட்டுக் கற்களைப் பார்ப்போம்.

காஞ்சிபுரத்துக்கு அணித்தாயுள்ள ஆர்ப்பாக்கம் என்னும் சிற்றூர்ச் சிவன்கோயிலில் இரண்டாம் இராசாதிராசனின் 5ஆம் ஆட்சியாண்டுச் சாசனமொன்று உளது. அதனைப் பொறித்தவன் எதிரிலிசோழச் சம்புவராயன் என்னும் தலைவன். ஈழப்படை பாண்டி நாட்டைக் கைக்கொண்டு குலசேகரனை மதுரையினின்று துரத்தியதும், தொண்டி, பாசி முதலான இடங்களிற் போர் பரவியதும், சோழமண்டலத்தாரும் பிறநாட்டாரும் அஞ்சி நடுங்கியதும் அதிலே சொல்லப்படுகின்றன. சூளவமிசம் தன் வெற்றியாகக் கூறியவற்றைப் பகைவனே தன் அச்சமாக ஒப்புக்கொள்கின்றான் என்பதைக் கருதுக. வரலாற்றிற்கு இதனினும் வலிய சான்று வேறில்லை. அச்சமுற்ற சம்புவராயன், கௌட தேசத்தினின்று வந்து தங்கியிருந்த உமாபதிதேவர் என்னும் சிவாசாரியரிடம் சென்று முறையிட்டான். ஈழப்படை இராமேசுவரத்துக் கோயிற் கதவை அடைத்துப் பூசையை நிறுத்திப் பண்டாரத்தைக் கவர்ந்தது என்று கேட்ட அவர், இவர்கள் சிவத்துரோகிகள் எனக் கூறி, 28 நாள் இடைவிடாது வழிபாடு செய்தார். அதன்பின் ஈழத் தண்டநாயகர் தோற்றோடினர் என்று பல்லவராயரிடமிருந்து செய்தி வந்தது. மகிழ்ந்த சம்புவராயன் ஆர்ப்பாக்கம் என்ற ஊரையே அவருக்குத் தானமாக்கினான்.

இராமேசுவரத்துப் பூசை நின்றது உண்மையாகலாம். போர்ப்படை தங்கிய இடத்திற் பூசை நடத்தல் எளிதன்று. ஆயினும் இதே பராக்கிரமபாகு தன் நாட்டிற் பிராமணர்க்கு ஊர் ஈந்தவன் என்பதையும், அவனுக்குப் பின்வந்த நிச்சங்கமல்லன் இராமேசுவரத்திலே நிச்சங்கேசுவரம் என்றொரு கோயில் எடுத்ததாகத் தன் சாசனங்களிற் கூறிக்கொள்வதையும் உடன்வைத்து நோக்கவேண்டும். இப்போரைச் சைவ பௌத்தப் போர் என்று இக்காலத்தார் சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. போர் மதுரைச் சிம்மாசனத்துக்காக நடந்தது. சமயம் அச்சமுற்றார்க்கு ஆறுதலாகவும் படை திரட்டினார்க்குக் கருவியாகவும் நின்றது. அவ்வளவே.

மாயூரத்தை அடுத்த பல்லவராயன்பேட்டைச் சாசனம் இராசாதிராசனின் 8ஆம் ஆட்சியாண்டினது. மேலே செய்தி அனுப்பினாரெனக் கண்ட பல்லவராயரைப் பற்றியதே இது. திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயன் என்பது அவர் முழுப்பெயர். சூளவமிசமும் சோழர் படைத்தலைவருட் பல்லவராயன் ஒருவனைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. இச்சாசனம் போர்க்களத்தில் அன்று, ஓர் அரண்மனைத் துயரிலே தொடங்குகின்றது. இரண்டாம் இராசராசன் இறந்தபோது அவன் மக்களுக்கு வயது ஒன்றும் இரண்டுமே. ஆயிரத்தளி அரண்மனையைச் சூழ்ந்து கலகம் எழுந்தது. அக்குழந்தைகளையும் அந்தப்புரத்தாரையும் அங்கிருந்து எடுத்துச் சென்று காத்தவர் பல்லவராயர். பின்பு விக்கிரமசோழனின் பேரனாகிய எதிரிலிப்பெருமாளைக் கொணர்ந்து முடிசூட்டினார். அவனே இரண்டாம் இராசாதிராசன். மதுரைக்கு யார் அரசர் என்று தீர்ப்புச் சொல்ல வந்த சோழரின் வீட்டிலேயே அரசுரிமை தொட்டிலிற் கிடந்தது! மகன்வழி அறுந்தபோது 1070இல் மகள்வழிப் பேரனாகிய முதற் குலோத்துங்கனைச் சோழ அரியணையில் ஏற்றிய குடி அது. அரசுரிமை வழிவழி வருவதன்று, அமைச்சரும் படைத்தலைவரும் ஆக்குவது என்பதை அவர்கள் தம் அநுபவத்தாலேயே அறிந்திருந்தனர்.

இப்பல்லவராயர் குலசேகரனுக்காகப் பாண்டி நாட்டிற் புகுந்து ஈழப்படையை முறியடித்து, இலங்காபுரித் தண்டநாயகனும் சகவிசய தண்டநாயகனும் உள்ளிட்டாரைக் கொன்று, அவர்தம் தலைகளை மதுரை வாயிலில் ஆணியடித்து வைத்தார் என்கிறது சாசனம். 5ஆம் ஆண்டுச் சாசனம் ஓடினர் என்கின்றது; 8ஆம் ஆண்டுச் சாசனம் கொல்லப்பட்டனர் என்கின்றது. முரண் போலத் தோன்றினும் முரணன்று. முதலாவது ஒரு களத்தைப் பற்றியது, மற்றது முடிவைப் பற்றியது. சூளவமிசம் ஏன் வெற்றியோடு நிறுத்திற்று என்பது இப்போது விளங்கும். அந்நூலாசிரியர் பொய் சொல்லவில்லை. தமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டார். சோழநாட்டுக் கல்வெட்டாசிரியரும் தமக்கு வேண்டிய இடத்திலேதான் தொடங்கினார். பல்லவராயர் பிறகு நோயுற்று இறந்தார். அவர் சுற்றத்தாருக்கு இறையிலி நிலம் பகிர்ந்தளிப்பதற்காகவே அச்சாசனம் வெட்டப்பட்டது. இத்துணை வரலாறும் ஒரு காணிப் பங்கீட்டின் முன்னுரையாகவே நமக்குக் கிடைத்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு.

பண்டித வகுப்பில் இச்சாசனங்களை மொழிநடைக்காகப் பாடஞ் சொல்லும்போது மாணவரொருவர், "ஐயா, இறுதியில் வென்றவர் யார்?" என்று வினவினார். "எந்த ஆண்டின் இறுதியில் என்று சொல்லும், விடை கூறுகின்றேன்" என்றேன். வகுப்பிற் சிரிப்பெழுந்தது, ஆனால் அது விளையாட்டுக்குக் கூறிய விடையன்று என்பதை அடுத்த சாசனம் காட்டும்.

அது தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டில் உள்ள 12ஆம் ஆட்சியாண்டுச் சாசனம். இலங்கை வாசகர், அதிலும் யாழ்ப்பாண வாசகர், ஊன்றிப் படிக்க வேண்டியது இதுவே. மதுரையிற் படையிழந்த பராக்கிரமபாகு, மீண்டும் படையெடுக்க ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களிற் படைதிரட்டி மரக்கலங்கள் செய்விக்கின்றான் என்று சோழருக்குச் செய்தி எட்டிற்று. ஊராத்துறை நமது ஊர்காவற்றுறை, வல்லிகாமம் வலிகாமம், மட்டிவாழ் மட்டுவில் என்பர். பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவில் உளது. பரதேசிகள் ஊராத்துறைக்கே வந்திறங்க வேண்டும் என்றும், யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் ஏனைய மூன்று கூறு உடையவனுக்கும் சேரும் என்றும், பிற சரக்கு மரக்கலமாயிற் பாதிக்குப் பாதி என்றும் அது விதிக்கின்றது. யானைக்கும் குதிரைக்கும் மட்டும் இச்சலுகை ஏன்? போருக்கு வேண்டியவை அவை. கொண்டுவருவாரை அச்சமின்றி வரச் செய்தல் வேண்டும். வடபுலத்துத் துறைகளின் மீது மன்னன் வைத்திருந்த கண்ணை இவ்விதி காட்டுகின்றது. அத்துறைகள் மீதே சோழனும் கண்வைத்தான்.

சோழன் தான் நேரே வரவில்லை. பராக்கிரமபாகுவின் மருமகன், இலங்கை அரசுக்கு உரிமை கோரி ஓடிவந்து சோழநாட்டிற் புகலிடம் பெற்றிருந்த சீவல்லவன் என்பானை முன்னிட்டுப் படை அனுப்பினான். மதுரையிலே வீரபாண்டியனை முன்னிட்டுப் பராக்கிரமபாகு எதைச் செய்தானோ, அதையே சோழன் இங்கே திருப்பிச் செய்தான். மேற்கூறிய துறைகள் அழிக்கப்பட்டன, ஊர்கள் எரியூட்டப்பட்டன, யானைகள் கவரப்பட்டன, எதிர்த்தோர் பலர் வெட்டுண்டும் சிறைப்பட்டும் ஒழிந்தனர் என்று சாசனம் பெருமிதத்தோடு கூறுகின்றது. எரிந்த ஊர்களில் இருந்தோர் எம்மொழியினர், எச்சமயத்தினர் என்று எரித்தவர் கேட்டதாக அச்சாசனத்தில் ஒன்றுமில்லை. மதுரையில் ஒரு பாண்டியன் இருப்பதா மற்றொரு பாண்டியன் இருப்பதா என்ற வழக்கிலே மட்டுவிலும் வலிகாமமும் தீப்பட்டன. மட்டுவிலிலே அன்றிருந்த உழவன் ஒருவன் குலசேகரன் என்ற பெயரைக் கேள்விப்பட்டேனும் இருப்பானா?

அதன்பின் நிகழ்ந்ததே வியப்பினும் வியப்பு. பராக்கிரமபாகு தன் கொள்கையை அடியோடு மாற்றினான். யாரைத் தொலைக்கப் படையனுப்பினானோ அந்தக் குலசேகரனையே பாண்டிய மன்னனென ஏற்று, பரிசிலும் ஓலையும் விடுத்து நட்புக்கொண்டான். குலசேகரனும் உடன்பட்டான். சோழர் சார்பினரான மறவர் தலைவர்களை வெள்ளாற்றுக்கு வடகரைக்குத் துரத்தினான். மதுரை வாயிலில் ஆணியடித்து வைத்திருந்த ஈழத் தண்டநாயகரின் தலைகளை எடுத்துவிடச் செய்தான். இலங்கையினின்று வந்த ஓலைகளும் பரிசிலும் சோழர் கைப்பட்டமையால் இச்சூழ்ச்சி வெளிப்பட்டது.

சாசனம் குலசேகரனை நன்றி மறந்தவன் என்று வைகின்றது. எனக்கோ அவன்மீது அத்துணைச் சினம் எழவில்லை. தன் பொருட்டுச் சோழர் செய்த உதவிக்கு அவன் தந்த விலை, தன் நகர வாயிலைத் தானே திறக்கவும் மூடவும் உரிமையின்மை. ஒரு தலைநகரின் வாயிலிலே பிறநாட்டார் தலைகள் தொங்குமாயின் அந்நகர் அங்கு வாழும் மன்னனுடையதன்று, தலைகளைத் தொங்கவிட்டவனுடையது. அத்தலைகளை இறக்கியபோதுதான் குலசேகரன் முதன்முறையாக மதுரைக்கு அரசனானான் எனலாம். அதற்காக அவன் நல்லவன் ஆகான். மனைவி மக்களோடு ஒரு மன்னனைக் கொன்றவன் அவன் என்பதை மறத்தற்கில்லை.

அவன் அரசு நீடிக்கவில்லை. சோழர் மீண்டும் படையெடுத்து அவனை ஓட்டி, அரியணையில் ஏற்றியது யாரை? வீரபாண்டியனை! ஈழப்படை முடிசூட்டிய அதே வீரபாண்டியனை. இவ்விரண்டாம் படையெடுப்பை நடத்திய பழையனூருடையான் வேதவனமுடையான் அம்மையப்பன் என்னும் அண்ணன் பல்லவராயனுக்குப் பழையனூரில் இறையிலி நிலம் வழங்கியதைக் கூறுவதே திருவாலங்காட்டுச் சாசனத்தின் நோக்கம். நீலி கதையால் தமிழ்நாடெங்கும் பெயர்பெற்ற பழையனூர்தான் இது. நெடும்பழியை நினைந்து தொடர்ந்து வந்த பெண்ணின் ஊரிலே இப்போரின் கணக்கும் எழுதப்பட்டிருத்தல் ஒரு தற்செயலே. ஆயினும் மனம் அதைத் தற்செயலென விடுவதில்லை.

அடுத்துவந்த மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 1178க்குப் பின், ஆட்டம் மறுபடியும் திரும்பிற்று. வீரபாண்டியன் சோழரை விட்டு ஈழத்தோடு சேர்ந்தான். குலசேகரன் வழியினனெனக் கருதப்படும் விக்கிரம பாண்டியன் சோழரை வேண்டினான். 1182ஆம் ஆண்டளவில் மதுரை விக்கிரமனுக்குக் கிடைத்தது. இப்போரிலும் சிங்களப் படையினர் இருந்தனர். அவர் மூக்கறுபட்டுக் கடலில் விழுந்தனர் என்று சோழர் மெய்க்கீர்த்தி கூறும். வீரபாண்டியன் பின்னும் ஒருமுறை நெட்டூரிற் பொருது தோற்றுக் கொல்லத்துக்கு ஓடினான். அவன் தேவி சோழரின் வேளத்துக்கு ஏற்றப்பட்டாள்.

குலோத்துங்கனுக்கு "மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய" என்பது சிறப்புப் பெயர். இதைக் கேட்டோர் பாண்டியன் தலை போயிற்றென்றே கொள்வர். போகவில்லை. கொல்லத்தினின்று வந்து சோழன் அடியிலே முடித்தலையை வைத்து வணங்கிய வீரபாண்டியனுக்கு உயிரும் சிறிது நிலமும் அளிக்கப்பட்டன. கொள்ளுதல் என்ற வினைக்கு அறுத்தெடுத்தல் என்றும் ஏற்றுக்கொள்ளுதல் என்றும் பொருள்படும் இடமிருக்க, அவ்விரு பொருளுக்கும் நடுவே மெய்க்கீர்த்தி எழுதியவர் நயமாக நின்றுகொண்டார். முன்னைய ஆதித்தன் "வீரபாண்டியன் தலைகொண்ட" என்று பெயர் பூண்டபோது அது வேறோர் வீரபாண்டியனின் தலையை மெய்யாகவே கொண்டதாகும் என்பர் அறிஞர். இலக்கணம் பயிலாது சாசனம் படித்தல் ஆகாது என்று நான் மாணவர்க்கு அடிக்கடி சொல்வதற்கு இவ்விரு தொடர்களே போதும்.

பாண்டியர் இதனை மறக்கவில்லை. 1216இல் முடிசூடிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டிற் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கினான். முதிய குலோத்துங்கன் நகர்விட்டு ஓடினான். சுந்தரபாண்டியன் ஆயிரத்தளி முடிசூட்டு மண்டபத்திலே வீராபிடேகம் செய்துகொண்டான். ஆம், முன்னொருநாள் பல்லவராயர் குழந்தைகளை எடுத்துக்கொண்டு வெளியேறிய அதே ஆயிரத்தளியில். பின்பு சோழனுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, "சோணாடு வழங்கியருளிய" என்று பெயர் பூண்டான். கொடுத்தது இரக்கத்தாலோ, பெயருக்காகவோ, ஒய்சளர் குறுக்கிட்டமையாலோ, ஆராய்ச்சியாளர் வழக்காடட்டும். தமிழாசிரியனாகிய என் மனத்தில் நிற்பது பிறிதொன்று. திருவெள்ளறையிலுள்ள ஒரு சாசனச் செய்யுள், சோழநாட்டு மண்டபங்களையெல்லாம் இடித்த காலத்தில் பதினாறுகால் மண்டபமொன்று மட்டும் இடிக்காது விடப்பட்டது என்கின்றது. அது பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு முன்னைச் சோழன் அளித்த மண்டபமாம். அரண்மனையும் மாடமும் எரித்த கை ஒரு புலவன் மண்டபத்தின் முன் நின்றுவிட்டது. செய்யுளாகையால் இதை முழுதும் நம்புதற்கில்லை என்பாருமுளர். யான் நம்பவே விரும்புகின்றேன்.

இக்கரையில் நிலைமை யாது? பராக்கிரமபாகு 1186இல் இறந்தான். அவனுக்குப் பின் வந்த விசயபாகு ஓராண்டிற் கொலையுண்டான். கலிங்கத்து நிச்சங்கமல்லன் 1187 முதல் 1196 வரை ஆண்டபின், பொலன்னறுவைச் சிம்மாசனம் ஒருவர் இருக்க மற்றவர் எழுப்பும் பலகையாயிற்று. வீரபாகு ஒருநாள் இருந்தான். விக்கிரமபாகு மூன்று திங்கள். சோடகங்கன் ஒன்பது திங்கள் இருந்து கண்களை இழந்தான். தர்மாசோகன் என்பவன் மூன்று திங்கட் குழந்தை. பராக்கிரமபாகுவின் தேவி இலீலாவதியைப் படைத்தலைவர் மும்முறை ஏற்றினர், மும்முறையும் இறக்கினர். மூன்றாம் முறை அவளை இறக்கியவன் பாண்டி நாட்டினின்று படையோடு கடல்கடந்து வந்த ஒருவன். பராக்கிரம பாண்டியன் என்பது அவன் பெயரும். மதுரையில் மனைவி மக்களோடு மாண்டவன் பெயர்தான். அவன் 1212 முதல் மூன்றாண்டு பொலன்னறுவையில் அரசிருந்தான். 1215இல் கலிங்க மாகன் பெரும்படையோடு வந்திறங்கி நகரைக் கைக்கொண்டு, அந்தப் பாண்டியனைப் பிடித்து அவன் கண்களைப் பறித்தான்.